பருப்பு வேகும் தண்ணீர்

ஏற்காட்டில் பெய்தது எங்களுக்கு
மறுநாள் காலைதான் வந்து சேரும்.
இந்த முறை அவ்வளவு பொறுக்கவில்லை.
இரவு ஒன்றரைக்கே திருமணிமுத்தாறு
கிச்சிப்பாளையத்துப் படிகளில் ஏறி
கதவுக்கு அடியில் புகுந்தது.

இறங்கிய மூன்றாம் நாள் நான் போனேன்,
நாற்பது சின்ன பாட்டில்களும்
ஸ்பிரிட் பஞ்சும் தீப்பெட்டியுமாக.
குழாய் வாயைச் சுட்ட பிறகுதான்
தண்ணீர் பிடிக்க வேண்டும்.
"தண்ணிக்குச் சூடு வைக்கிறாங்கடா"
என்று கூட்டமாகச் சிரித்தார்கள் பிள்ளைகள்.

எல்லாச் சுவரிலும் இடுப்பளவில் ஒரு கோடு.
கோட்டுக்கு மேலே போன மாதக் காலண்டர்,
கீழே சேறு.
சாயப்பட்டறைப் பக்கம் மட்டும்
கோடு லேசான ஊதா.

சந்தின் கடைசியில் பொது போர்.
நானூற்று இருபது அடி.
இருபது வருஷமாக உப்பு:
சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது,
குடத்தின் அடியில் சுண்ணாம்பாய்ப் படியும்.
கேனுக்கு முப்பத்தைந்து ரூபாய்
எண்ணி வைத்தே பழகிய சந்து.

சவுடேஸ்வரி ஒரு டம்ளரை நீட்டினார்.
"குடிச்சுப் பாருங்க மேடம்.
வெள்ளம் தறியக் கொண்டுபோச்சு,
பீரோவக் கொண்டுபோச்சு.
இத மட்டும் குடுத்துட்டுப் போச்சு."

பளிங்கு. மலைக்குளிர்
இன்னும் அதை விட்டுப் போகவில்லை.
நான் குடிக்கவில்லை.
மீட்டரை நனைத்தேன்.
இரண்டாயிரத்து நூறு காட்டும் இடத்தில்
அறுநூற்று நாற்பது.
அவர் சொன்னது பொய்யில்லை,
கருவிக்கும் இனித்தது.

குனிந்து பார்த்தேன்.
போர்க் குழாயின் தலை தரையோடு தரை.
மூடி இருக்க வேண்டிய இடத்தில்
சணலால் கட்டிய யூரியா சாக்கு.
அந்தச் சாக்கின் மேல்
இரண்டு நாள் மூன்றடி ஆறு நின்றிருக்கிறது.
ஆறு என்று சொல்கிறேன்,
தெருவின் கழிப்பறைத் தொட்டிகள் எல்லாம்
மூடி திறந்து அதில்தான் கிடந்தன.
மண்ணில் படிப்படியாக இறங்கினால்
வழியில் எதையாவது விட்டுவிட்டு வரும்.
இது லிஃப்டில் இறங்கியது.

அன்று இரவு நல்ல குளிர்.
பாட்டில்களை அட்டைப்பெட்டியில் அடுக்கி
நடுவில் நாற்பது வாட் குண்டு பல்பு எரியவிட்டேன்.
கிருமிக்கும் கதகதப்பு வேண்டும்.

காலையில்,
செம்மண் கலங்கலாய் வந்த கோரிமேட்டுத் தண்ணீர்
அப்படியே செம்மண்ணாய் இருந்தது.
தண்ணீரா காற்றா என்று தெரியாமல் பிடித்த
சவுடேஸ்வரியின் பாட்டில்தான்
முதலில் கறுத்திருந்தது,
லேபிளில் நான் எழுதிய மையைவிட.

ஜீப்பை நிறுத்திவிட்டு பெரியண்ணன்
சிவப்பு பெயிண்டைக் கலக்கித் தந்தார்.
'குடிக்க உதவாது'.
'உ' சேற்றுச் சுவரில் ஒட்டாமல் வழிந்தது.
பின்னால் நின்று பார்த்த சவுடேஸ்வரி
கோபமே இல்லாமல் கேட்டார்:
"உப்பா இருந்தப்ப
ஒருத்தரும் பெயிண்ட் தூக்கிட்டு வரலயே?"

என் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

பிளீச்சிங் பவுடர் போட்டு
ஒரு வாரம் இறைத்து வெளியே விடுவார்கள்.
உப்பு மெல்லத் திரும்பும்.
பாட்டில் கறுக்காது.
'சரி செய்யப்பட்டது' என்று
அன்றைக்கு நான்தான் கையெழுத்துப் போடுவேன்.

கிளம்பும்போது ஓடி வந்தார்.
நேற்றே இரண்டு குடம் பிடித்து வைத்துவிட்டாராம்.
"கொட்ட மனசு வரல. கொதிக்க வெச்சா?"
நன்றாகத் தளதளவென்று கொதிக்கட்டும் என்றேன்.
கிருமி செத்துவிடும், அது உண்மைதான்.

தெருமுனை திரும்பும்வரை
ஜீப்புக்குள் துவரம்பருப்பு வாசனை,
இருபது வருஷத்தில் முதல்முறை
அந்தச் சந்தில் பருப்பு குழைகிறது.

அந்த ஊதாக் கோட்டைப் பற்றி
நான் ஒன்றும் சொல்லவில்லை.
கொதித்தால் அது போகுமா என்று
பார்த்துச் சொல்லும் பாட்டில்
என் பெட்டியில் இல்லை.